பாட்டின் தாளத்துக்கு வாணம்: டிஜே சவுண்டோடு வாணவேடிக்கையை இணைப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தீபாவளி நெருங்கிவிட்டால் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் பக்கத்துக் கோயில் கமிட்டிகளும் கல்யாண வீட்டாரும் டிஜேயிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பாட்டுக்கு ஏத்த மாதிரி வானத்துல வெடிக்கணும், முடியுமா?" முடியும். அதற்கு டிஜே, சவுண்ட் சர்வீஸ்காரர், லைசென்ஸ் உள்ள வாணக்காரர் மூவரும் ஒரே கடிகாரத்துக்குக் கட்டுப்பட வேண்டும். அந்தக் கடிகாரம் எது, யார் கையில் இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். வாணங்களைப் புதைப்பதும் மின்திரி (மின்சாரத்தால் பற்றும் திரி) பொருத்துவதும் வாணக்காரரின் வேலை. அந்தப் பக்கம் மற்றவர்கள் கை வைக்கக் கூடாது. இங்கே சொல்வது டிஜேக்கும் விழா நடத்துபவருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை.

டிஜே பிளே பட்டனை அழுத்தும்போது இன்னொருவர் வெடிக்கும் பட்டனை அழுத்தினால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் பாட்டு ஒரு பக்கமும் வாணம் ஒரு பக்கமும் போகும். பட்டனை அழுத்திய உடனே ஷெல், அதாவது வானத்தில் ஏறி விரியும் குண்டு வாணம், விரிவதில்லை. குழாயிலிருந்து கிளம்பி, மேலே ஏறி, உள்ளிருக்கும் தாமதத் திரி எரிந்து முடிந்த பிறகே விரியும். 3 அங்குல ஷெல்லுக்கு ஏறக்குறைய 2.5 முதல் 3 விநாடி ஆகும். 4 அங்குலத்துக்கு 3 முதல் 3.5, 6 அங்குலத்துக்கு 4 முதல் 4.5, 8 அங்குலத்துக்கு 5 விநாடிக்கு மேல். சரியான எண்ணைத் தயாரிப்பாளரின் தகவல் தாளிலிருந்தோ சோதனை வீடியோவிலிருந்தோ எடுக்க வேண்டும், ஊகித்து எழுதக் கூடாது. ஏறும் உயரத்துக்குத் தொழிலில் ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது: அங்குலத்துக்கு 30 மீட்டர். 6 அங்குல ஷெல் என்றால் சுமார் 180 மீட்டர்.

ஆகவே ஒவ்வொரு வாணத்துக்கும் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். வானத்தில் எந்த நொடியில் விரிய வேண்டும் என்று முடிவு செய்து, அதிலிருந்து ஏறும் நேரத்தைக் கழித்தால் கிடைப்பதுதான் சுடும் நேரம்.

ஓர் உதாரணம். தவில் உருட்டலோடு தொடங்கும் பாட்டில் முதல் பெரிய அடி 12.00ஆவது விநாடியில் விழுகிறது. அந்த அடிக்கு 6 அங்குல ஷெல் ஒன்று, ஏறும் நேரம் 4.30 விநாடி. கழித்தால் 7.70. இதோடு விட்டுவிட முடியாது. ஸ்பீக்கர் பாக்ஸிலிருந்து பாட்டு ஜனங்களின் காதுக்குப் போகவும் நேரம் பிடிக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் ஒலி விநாடிக்கு 346 மீட்டர் போகும். கூட்டத்தின் நடுப்பகுதி பாக்ஸிலிருந்து 40 மீட்டர் என்றால் 0.12 விநாடி தாமதம். வானத்து வெளிச்சத்துக்கு அப்படி எந்தத் தாமதமும் இல்லை. எனவே அந்த 0.12ஐக் கூட்டி 7.82இல் சுட வேண்டும். அப்போதுதான் நடுவில் நிற்பவருக்கு அடியும் விரிவும் ஒன்றாக வரும்.

முன்வரிசை 10 மீட்டரிலும் கடைசி வரிசை 110 மீட்டரிலும் இருந்தால் இருவருக்கும் இடையே 0.29 விநாடி வித்தியாசம். நிமிடத்துக்கு 120 அடி போகும் பாட்டில் ஓர் அடி அரை விநாடி. அதாவது முன்னால் நிற்பவருக்குச் சரியாக இருப்பது பின்னால் நிற்பவருக்குப் பாதித் தாளத்துக்கு மேல் விலகித் தெரியும். கூட்டத்துக்கு நடுவில் டிலே பாக்ஸ் வைத்தாலும் இது தீராது. அந்த பாக்ஸ் முன்னாலிருந்து வரும் ஒலியோடு ஒத்துப்போவதற்காகவே தாமதப்படுத்தி வைக்கப்படுகிறது. பெரிய மைதானத்தில் எல்லோருக்கும் சரியாக வைக்க வழியில்லை. பெருங்கூட்டம் எங்கே நிற்குமோ அந்த இடத்துக்குக் கணக்குப் போட்டுவிட்டு மற்றதை விட்டுவிடுங்கள்.

வெடிச் சத்தத்தைத் தாளத்தோடு சேர்க்கலாம் என்ற ஆசையையும் இங்கேயே விட்டுவிடலாம். சுடும் இடம் 150 மீட்டர் தள்ளி, ஷெல் விரிவது 180 மீட்டர் உயரத்தில் என்றால் சாய்வுத் தூரம் 234 மீட்டர். வெளிச்சம் வந்து 0.68 விநாடி கழித்துத்தான் சத்தம் வரும். ஒவ்வொரு வாணமும் ஒவ்வொரு உயரத்தில் விரிவதால் அந்த இடைவெளியும் மாறிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத்தான் நேரம் குறிக்க வேண்டும். குண்டுச் சத்தம் மட்டும் தரும் வெடிகளை மெல்லிய குரல் வரும் இடத்தில் போடாமல், கடைசிக் கட்டத்துக்கு ஒதுக்கினால் உறுத்தாது.

எந்த வாணத்தை எந்தத் தாளத்துக்கு வைப்பது என்பதில்தான் அனுபவம் பேசும். ஷெல்லின் தாமதத் திரி எல்லாம் ஒரே மாதிரி எரியாது. ஒரே பெட்டியில் வந்த இரண்டு ஷெல்லே கால் விநாடி முன்பின்னாக விரியலாம். அதனால் ஷெல்லைப் பல்லவி தொடக்கம், சரணம் மாறும் இடம், நீண்ட ஸ்வரம் போன்ற பெரிய திருப்பங்களுக்கு வைப்பார்கள். பொன்னிற இழைகளாகத் தொங்கி மெல்ல இறங்கும் வகை ஷெல், மெதுவான நாதஸ்வர ஆலாபனைக்கு மிகப் பொருத்தம். அங்கே கால் விநாடியை யாரும் எண்ணப் போவதில்லை. பறை, உறுமி மாதிரி அடி அடியாக வரும் இடத்துக்குக் குழாய் வாயிலிருந்தே வெளிச்சம் காட்டும் ஒற்றை ஷாட்டும் மைனும்தான் சரி. அவற்றுக்கு ஏறும் நேரம் கிட்டத்தட்ட இல்லை. மல்டி ஷாட் பெட்டிகளை நம்பவே கூடாது. முதல் ஷாட்டை மட்டுமே நீங்கள் குறிக்கிறீர்கள். உள்ளே திரி ஓடும் வேகம் ஈரப்பதத்துக்கும் பெட்டிக்கும் ஏற்ப மாறும். '30 விநாடி' என்று அச்சிட்ட பெட்டி 27இலும் முடியும், 33இலும் முடியும். பின்னணியை நிரப்ப நல்லது, தாளத்துக்கு உதவாது.

எல்லா அடிக்கும் வாணம் வைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் நிறைய. நான்கு நிமிடம் விடாமல் அடித்தால் ஜனங்களுக்கு எதுவும் பதியாது, புகைக்குள் பாதி வாணம் மறைந்தும் போகும். பாட்டு மூச்சு விடும் இடத்தில் வானமும் கொஞ்சம் இருட்டாக இருக்கட்டும்.

இனி அந்த ஒரே கடிகாரம். மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, வாணக்காரர் பாட்டைக் கேட்டுக்கொண்டே கையால் அழுத்துவது. மனிதக் கை தயங்கும் நேரமே 0.2 விநாடி. ஏறும் நேரத்தை மனதில் வைத்து 4 விநாடி முன்னதாக அழுத்தவும் வேண்டும். சின்ன விழாவுக்கு, பத்துப் பதினைந்து ஷாட்டுக்கு மேல் இது தாங்காது.

இரண்டாவது, சுடும் கட்டுப்பாட்டுக் கருவியே பாட்டையும் ஓட்டுவது. சில கருவிகளிலும் அவற்றோடு சேர்க்கும் ஆடியோ பெட்டிகளிலும் வேவ் ஃபைலை ஏற்றி வைக்க வசதி உண்டு. வாணக்காரர் தொடங்கினால் பாட்டும் வாணமும் ஒரே கருவியிலிருந்து ஓடும். டிஜே தன் மிக்சரில் ஒரு லைன் சேனலைத் திறந்து வைத்தால் போதும். பாட்டின் கடிகாரமும் வாணத்தின் கடிகாரமும் ஒன்றே என்பதால் நழுவ வாய்ப்பில்லை. கோயில் மைதானம், பள்ளி மைதானம் அளவு விழாக்களுக்கு இதுதான் எங்கள் பரிந்துரை. பந்தாவாகத் தெரியாது, ஆனால் கெட்டுப்போக இதில் இடம் குறைவு.

மூன்றாவது டைம்கோடு. பெரிய காட்சிகளில், லைட்டும் லேசரும் எல்இடி திரையும் சேரும்போது இது தேவைப்படும். எஸ்எம்பிடிஇ எல்டிசி என்பது நேரத்தையே ஒலியாக மாற்றி அனுப்பும் சிக்னல். விநாடியை 25 அல்லது 30 துண்டாகப் பிரித்தால் ஒரு துண்டுதான் ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 80 பிட். அதில் மணி, நிமிடம், விநாடி, ஃபிரேம் எல்லாம் அடங்கும். காதில் கேட்டால் பழைய ஃபேக்ஸ் கருவியின் கிறீச்சிடல் மாதிரி இருக்கும். பாட்டு ஓடும் லேப்டாப்பிலிருந்து இன்னொரு ஒலிப் பாதையில் இது கிளம்பி வாணக்காரரின் கருவிக்குப் போகிறது. கருவி அதைப் படித்து, தன்னிடம் எழுதி வைத்த நேரம் வந்ததும் அந்தந்தக் குழாய்க்கு மின்சாரம் அனுப்புகிறது. டிஜேக்களுக்கு ஒரு எச்சரிக்கை: செராட்டோ போன்ற மென்பொருளுக்கு வரும் கட்டுப்பாட்டுத் தட்டையும் நீங்கள் டைம்கோடு என்றுதான் சொல்வீர்கள். அது வேறு சிக்னல், வாணக் கருவிக்குப் புரியாது.

ஃபைல் தயாரிப்பதில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. பல பாட்டுகளை வெட்டி ஒட்டி ஒரே ஃபைலாக்குங்கள். ஐந்து முதல் எட்டு நிமிடம் தாராளம். பாட்டு தொடங்குவதற்கு முன் 10 விநாடி மௌனம் கட்டாயம். முதல் அடியிலேயே ஷெல் விரிய வேண்டும் என்றால் அதை நான்கு விநாடி முன்பே சுட வேண்டும், டைம்கோடு அதற்கும் முன்பே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நேரத்தை 00:00:00:00இல் தொடங்காமல் 01:00:00:00இல் தொடங்குவது வழக்கம். அப்போது பாட்டின் தொடக்கத்துக்கு முன்னால் போகும் கணக்குகள் நள்ளிரவைத் தாண்டிக் குழம்பாது. வேவ் ஃபைல், சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ் போதும். எம்பி3 ஆக்கினால் பாட்டு பிழைத்துக்கொள்ளும், டைம்கோடு சிதையலாம்.

48இலும் 44.1இலும் ஒரு பொறி இருக்கிறது. 44.1இல் பதிந்த ஃபைலை மாற்றாமல் 48 என்று கருவி ஓட்டினால் பாட்டு 8.8 சதவீதம் வேகமாகப் போகும். பத்து நிமிடப் பாட்டு 49 விநாடி முன்னதாகவே முடியும். அது காதிலேயே தெரிந்துவிடும் என்பதால் பெரிய ஆபத்தில்லை. சத்தமில்லாமல் கெடுப்பது ஃபிரேம் கணக்கு. சுடும் நேரங்களை எழுதி வைத்த ஸ்கிரிப்ட் 30 ஃபிரேமிலும் டைம்கோடு 29.97இலும் இருந்தால் பத்து நிமிடத்தில் 0.6 விநாடி விலகும். தொடக்கம் அச்சாக இருக்கும், முடிவு மட்டும் எங்கோ போய் நிற்கும். 25 வைத்தாலும் 30 வைத்தாலும் சரி, எழுதும் மென்பொருள், ஓட்டும் லேப்டாப், சுடும் கருவி மூன்றிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

வயரிங். நான்கு அவுட்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்குங்கள். 1, 2 பாட்டுக்கு, 3 டைம்கோடுக்கு. ஒரு ஸ்டீரியோ ஃபைலில் இடப்பக்கம் பாட்டு, வலப்பக்கம் டைம்கோடு என்று வைத்துச் சமாளிப்பவர்களும் உண்டு. வேலை செய்யும், ஆனால் அந்த ஃபைல் மிக்சருக்குப் போகும்போது யாராவது மோனோ பட்டனைத் தட்டினால் கிறீச் சத்தம் முழு மைதானத்துக்கும் கேட்கும். பாட்டும் மோனோவாகிவிடும். 1, 2ஐ டிஐ பாக்ஸ் (சிக்னலை மைக் அளவுக்கு இறக்கி, பேலன்ஸ்டாக மாற்றும் சின்னப் பெட்டி) வழியாக மிக்சரின் மைக் இன்புட்டுக்குக் கொடுங்கள்.  டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் என்றால் ஜெனரேட்டரிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் அறுபடும். மூன்றாவது அவுட்புட் பேலன்ஸ்டு எக்ஸ்எல்ஆர் கேபிளில் நேராக வாணக்காரரின் மேசைக்குப் போகட்டும். டிஜே மேசையிலிருந்து சுடும் இடம் 100 மீட்டருக்கு மேல் இருப்பது சகஜம். ஆர்சிஏ கேபிளை இழுத்து நீட்டினால் ஹம் ஏறும், கருவி டைம்கோடைத் தவறவிடும். ஜெனரேட்டர் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். கடக்க நேர்ந்தால் குறுக்காகக் கடக்கட்டும்.

டைம்கோடு பாதையில் ஈக்வலைசர், கம்ப்ரசர், லிமிட்டர் எதுவும் கூடாது. வயர்லெஸ் மைக்குக்கான டிரான்ஸ்மிட்டரில் அனுப்பவும் கூடாது. புளூடூத் பேச்சையே எடுக்காதீர்கள். பாட்டே கால் விநாடி வரை பின்தங்கும், அதுவும் ஒரே அளவாக இருக்காது.

பாட்டை டிஜே டெக்கில் ஏற்றலாமா? கூடாது என்றே சொல்வோம். டெக்கில் டெம்போ ஃபேடர் இருக்கிறது, சிங்க் பட்டன் இருக்கிறது, லூப் இருக்கிறது, ஜாக் வீல் இருக்கிறது. ஃபேடர் ஒரு சதவீதம் நகர்ந்தாலே பத்து நிமிடத்தில் 6 விநாடி. முந்தைய பாட்டின் வேகத்துக்கு சிங்க் தானாக இழுத்துக்கொண்டால் மொத்தக் காட்சியும் போச்சு. நல்ல டிஜேயின் விரல் சும்மா இருக்காது என்பது வேறு. காட்சிப் பாட்டுக்குத் தனி லேப்டாப், மிக்சரில் தனி சேனல், அந்த ஃபேடருக்கு மேல் ஒரு டேப். அந்த லேப்டாப்பில் ஏரோப்ளேன் மோட், நோட்டிஃபிகேஷன் நிறுத்தம், ஸ்லீப் நிறுத்தம், பேட்டரி முழு சார்ஜ். டிஜே முந்தைய பாட்டை இறக்கி, மைக்கில் கவுண்ட்டவுன் சொல்லலாம். தொடங்கும் உத்தரவு மட்டும் வாணக்காரரிடமிருந்து வர வேண்டும். கூட்டத்தை உற்சாகப்படுத்த டிஜே பத்து எண்ணி முடித்துவிட்டார், அங்கே வேலிக்குள் ஒரு குழந்தை ஓடுகிறது என்றால் எண்ணிக்கைக்காக யாரும் சுடப் போவதில்லை.

டைம்கோடு நடுவில் அறுந்தால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலான கருவிகளில் இரண்டு விதமாக வைக்கலாம்: தன் சொந்தக் கடிகாரத்தில் தொடர்வது, அல்லது நின்றுவிடுவது. ஒன்றிரண்டு விநாடி தொடர்ந்து ஓடி, அதற்குள் சிக்னல் திரும்பாவிட்டால் நிற்கும்படி வைப்பது நடைமுறைக்கு ஏற்றது. இதற்கு மேலே வாணக்காரரின் கையில் டெட்மேன் சுவிட்ச் இருக்கும். விரலை எடுத்தால் சுடுவது நிற்கும், பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். பாட்டே நின்றுவிட்டாலும், டிஜே பதறி மீண்டும் முதலிலிருந்து ஓட்டக் கூடாது. டைம்கோடு பின்னால் குதித்தால் அந்தக் கருவி என்ன செய்யும் என்பதை அதன் கையேட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் மின்சாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) இல்லாத நாளிலும் மைதானத்து டிபி (மின்விநியோகப் பலகை) எந்நேரமும் டிரிப் ஆகலாம். ஆம்புகளுக்கு ஜெனரேட்டர் இருக்கட்டும். லேப்டாப், இன்டர்ஃபேஸ், மிக்சர் மூன்றுக்கும் ஒரு சின்ன யுபிஎஸ். ஆம்ப் ஒரு நொடி போய் வந்தாலும் நேரம் நழுவாமல் ஓடும்.

டர்பனின் தீபாவளி மாதங்கள் மழையும் இடியும் வரும் மாதங்கள். மின்னல் தெரிந்தால் மின்திரி பொருத்திய குழாய்கள் பக்கம் யாரும் இருக்கக் கூடாது. இதில் பேச்சே இல்லை. காற்றே இல்லாத ஈரமான இரவில் புகை அசையாமல் நிற்கும். அப்போது இரண்டாவது நிமிடத்துக்கு மேல் தாழ்வான வாணம் எதுவும் தெரியாது. கடற்காற்று கூட்டத்தின் பக்கம் வீசினால் எரிந்த துண்டுகளும் அங்கேதான் விழும். சுடும் இடத்தைக் காற்றைப் பார்த்து வைப்பது வாணக்காரரின் வேலை, பாக்ஸ் வைத்தாகிவிட்டது என்பதற்காக அவரை வற்புறுத்தாதீர்கள்.

தூரம் இன்னொரு விஷயம். அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதியில் ஷெல்லின் அங்குலத்துக்கு 70 அடி, அதாவது 21 மீட்டர் விலகல் கேட்கிறார்கள். 3 அங்குலத்துக்கு 64 மீட்டர், 6 அங்குலத்துக்கு 128 மீட்டர். இதை அளவுகோலாக வைத்துப் பார்த்தாலே வீட்டு முற்றத்திலும் ஹால் கார் பார்க்கிலும் ஷெல்லுக்கு இடமில்லை என்பது தெரியும். இந்த நாட்டில் வெடிபொருள் சட்டம் 1956ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. கட்டடத்துக்குள்ளும் பொது வழியிலும் பட்டாசு வெடிப்பது குற்றம், 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்பதும் குற்றம். காட்சி வாணத்துக்குப் போலீஸின் வெடிபொருள் பிரிவு, நகராட்சி, தீயணைப்புத் துறை மூன்றையும் வாணக்காரர் அணுக வேண்டும். டோங்காட், வெருலம் பக்கம் கிங் ஷாக்கா விமான நிலையம் இருப்பதால் வான்வழி அதிகாரிகளையும் கேட்க வேண்டியிருக்கும். பாட்டைப் பொதுவில் ஒலிக்கச் செய்ய சாம்ரோ (இசை உரிமை அமைப்பு) உரிமம் விழா நடத்துபவர் பொறுப்பு. அக்கம்பக்கத்தில் நாய் வளர்ப்பவர்களுக்கு நேரத்தை முன்பே சொல்லிவிடுவது சட்டத்துக்காக அல்ல, அக்கம்பக்கத்தாரோடு வாழ வேண்டுமே.

ஹாலுக்குள் கல்யாணம் என்றால் குளிர்ப்பொறி எந்திரம் பார்க்கலாம், ஹால்காரரும் தீயணைப்புத் துறையும் சம்மதித்தால். அது லைட்டுகள் மாதிரியே டிஎம்எக்ஸ் என்னும் கட்டுப்பாட்டு சிக்னலில் இயங்கும். டிஜேயின் லைட் மென்பொருளிலிருந்தே பாட்டோடு கோர்த்துவிடலாம். சூடாகச் சில நிமிடம் ஆகும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். மணமக்கள் உள்ளே வந்த பிறகு ஆன் செய்தால் அவர்கள் மேடை ஏறி உட்கார்ந்த பிறகுதான் பொறி பறக்கும்.

காட்சிக்கு முன் ஒரு முழு ஒத்திகை வேண்டும், மின்திரி எதுவும் இணைக்காமல். பாட்டை முதல் விநாடியிலிருந்து கடைசிவரை ஓட்டி, லேப்டாப் காட்டும் நேரத்தையும் சுடும் கருவி காட்டும் நேரத்தையும் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் ஒப்பிடுங்கள். ஒரு ஃபிரேமுக்கு மேல் விலகக் கூடாது. விலகல் தொடக்கத்திலிருந்தே ஒரே அளவாக இருந்தால் ஆஃப்செட் (தொடக்க நேரத்தின் வித்தியாசம்) தவறு, எண்ணை மாற்றினால் போதும். போகப் போகக் கூடினால் ஃபிரேம் எண்ணோ சாம்பிள் ரேட்டோ பொருந்தவில்லை. அங்கங்கே தாவினால் கேபிளும் லெவலும். லெவல் மிகக் குறைவாக இருந்தால் கருவிக்குப் படிக்க வராது, எகிறினால் பாட்டுப் பாதைக்குள் கசியும். ஒத்திகையை ஜெனரேட்டர் ஓடும்போதே, எல்லா ஆம்பும் ஆனில் இருக்கும்போதே செய்யுங்கள். மதியம் ஹம் இல்லாமல் வேலை செய்த கேபிள், இரவில் லைட்டெல்லாம் எரியும்போது வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

கடைசி ஷெல் விரிந்த பிறகு பாட்டு ஃபைலில் 15 விநாடி வால் விடுங்கள். தொங்கும் இழைகள் அணைய அவ்வளவு நேரம் பிடிக்கும். அதன் பிறகு டிஜே அடுத்த பாட்டைப் போட்டுக் கூட்டத்தை மேடைப் பக்கமே பிடித்து வைக்க வேண்டும். வெடிக்காத ஷெல் ஏதாவது குழாயில் நின்றிருக்கலாம். வாணக்காரர் காத்திருந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, வாக்கி டாக்கியில் 'கிளியர்' சொல்லும்வரை வேலி திறக்கும் அறிவிப்பை மைக்கில் சொல்லக் கூடாது.